கடைமடைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்: இரண்டு சம்பாவின் செய்முறைப் பதிவு

தலைப்பு மதகில் ஷட்டர் ஏறிய 19ஆவது மணி நேரத்தில் எங்கள் கடைமடையில் தண்ணீர் 30 சென்டிமீட்டர் உயரத்தைத் தொட்டது. என் கணக்கு 17 மணி நேரம் என்று சொல்லியிருந்தது. இது 2025 புரட்டாசியில். முந்தைய ஆண்டு இதே வாய்க்காலில் கணக்கு 8 மணி நேரம் என்றது. தண்ணீர் வந்ததோ 37ஆவது மணி நேரத்தில். இடையில் என்ன மாற்றினேன், எங்கே பணத்தை வீணடித்தேன், எதைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்ததும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் கடைசி மடையில் அப்பாவுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். தலைப்பிலிருந்து எங்கள் மடை வரை 6.4 கிலோமீட்டர். வழியில் 41 மடைகள். அவற்றில் பாயும் நிலம் சுமார் 300 ஏக்கர். எங்கள் வாய்க்காலுக்கும் பக்கத்து வாய்க்காலுக்கும் முறை வைத்து, ஒருவாரம் இங்கே, ஒருவாரம் அங்கே என்று தண்ணீர் விடுவார்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அது எப்போது வரும் என்று ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எங்கள் தலைப்பிலிருந்து எங்கள் மடைக்கு வரும் 6.4 கிலோமீட்டருக்குத்தான் யாரிடமும் விடை இருந்ததில்லை. அந்த விடை இல்லாததால், முறை தொடங்கிவிட்டால் அப்பா மண்வெட்டியோடு இரண்டு இரவு வாய்க்கால் கரையில் படுப்பார். களை எடுக்க ஆள் சொல்லியிருப்போம், தண்ணீர் வராது. ஆளுக்குக் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்புவோம். யூரியா மூட்டையை வரப்பில் இறக்கி வைத்துக் காத்திருப்போம். நான் பாலிடெக்னிக்கில் கணினி கற்பிக்கிறேன். நாள் முழுவதும் கணினியில் எதையெதையோ கணக்கிடச் சொல்லிக்கொடுக்கிறவன், அப்பாவுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தொடக்கம் அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 10 அன்று மேட்டூர் அணை மூடப்பட்டது. அந்தச் சம்பா மழையை நம்பி நின்றது. 2024 மாசியில் வாய்க்கால் தரை தெரியக் காய்ந்து கிடந்தது. வாய்க்காலுக்குள் இறங்கி அளக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று 200 மீட்டருக்கு ஓர் இடமாக 33 இடங்களில் குறுக்குவெட்டை அளந்தேன். மேல் அகலம், தரை அகலம், ஆழம், கரையின் சாய்வு. இரண்டு மாணவர்கள் டேப் பிடித்தார்கள். சனி, ஞாயிறு மட்டும், ஆறு வாரம் ஆயிற்று.

தரை மட்டம் எடுப்பதில் முதல் தவறு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயே போதும் என்று 20 மீட்டர் குழாயை வாங்கி, 320 முறை நகர்த்தி நகர்த்தி அளந்தேன். அதே வழியில் திரும்பி அளந்துகொண்டு வந்தால், தொடங்கிய இடத்தின் மட்டம் 19 செ.மீ. வித்தியாசம் காட்டியது. 6.4 கிலோமீட்டருக்கு மொத்தச் சரிவே 1.1 மீட்டர்தான். டெல்டாவின் நிலம் அவ்வளவு தட்டை. அதில் 19 செ.மீ. பிழை இருந்தால் அளவு என்று சொல்லவே முடியாது. பிறகு கல்லூரிக் கட்டடப் பிரிவில் ஆட்டோ லெவல் கருவியைக் கேட்டு வாங்கி நான்கு நாளில் முடித்தேன். பிழை 3 செ.மீ. ஆனது. குழாயில் போன மூன்று வாரம் போனதுதான்.

ஹெக்-ராஸ் என்ற நீரோட்டக் கணக்கு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப் பிரிவு உருவாக்கியது. உலகம் முழுவதும் ஆறுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். 33 வெட்டுகளையும் அதில் ஏற்றினேன். தலைப்பில் விநாடிக்கு 40 கன அடி விட்டால் ஆறு மணி நேரத்தில் கடைமடைக்கு வரும் என்றது. சித்திரை முடிவதற்குள் எல்லாம் தயார் என்று நிம்மதியாக இருந்தேன்.

வைகாசியில் தூர் வாரப் பொக்லைன் வந்தது. இரண்டே வாரத்தில் தரை சில இடங்களில் 20 செ.மீ., சில இடங்களில் 45 செ.மீ. இறங்கிவிட்டது. எல்லோரும் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் என் 33 வெட்டுகளில் ஒன்றுகூடச் செல்லாது. மறுபடி அளந்தேன், இந்த முறை 400 மீட்டருக்கு ஒன்றாக 17 இடங்கள் மட்டும். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்ததில் 17க்கும் 33க்கும் விடையில் அரை மணி நேரம்கூட வேறுபாடு இல்லை. டெல்டா வாய்க்காலை அளக்க நினைப்பவர்கள் தூர் வாரிய பிறகு, பாதி இடங்களில் அளந்தால் போதும்.

அடுத்து உணரிகள். தலைப்பு, 2.1 கி.மீ., 4.3 கி.மீ., கடைமடை என நான்கு இடங்களில் நீர்மட்டத்தை அளக்கும் பெட்டிகள். தலைப்பு மதகில் பொருத்த அனுமதி கேட்டு வாங்கினேன். சுவரில் துளை போடக்கூடாது, கிளாம்ப் மட்டும் என்றார்கள். மற்ற மூன்றும் சிறுபாலங்களின் அடியில். ஒவ்வொரு பெட்டியிலும் ஈஎஸ்பி32 சில்லு அட்டை, ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா மீயொலி உணரி, செய்தி அனுப்ப லோரா ரேடியோ, இரண்டு 18650 வகை பேட்டரி, ஒரு சின்ன சோலார் தகடு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டுத் தூங்கும்.

ஒரு பெட்டிக்கான செலவு: ஈஎஸ்பி32 அட்டை 450 ரூபாய், உணரி 320, லோரா 700, பேட்டரிகள் 300, சோலார் தகடு 250, சார்ஜ் ஏற்றும் பலகை 30, வெப்பநிலை உணரி 90, மழை புகாத பெட்டி 220, குழாயும் கிளாம்பும் 180. கூட்டினால் 2,540 ரூபாய். நான்குக்கு 10,160. வீட்டு மாடியில் எல்லாவற்றையும் கேட்டு வாங்கும் பெட்டிக்கு 1,500.

இதில் சேராத செலவு, தவறாக வாங்கியவை. விலை குறைவு என்று முதலில் 433 மெகாஹெர்ட்ஸ் லோரா ஐந்து வாங்கிவிட்டேன், 1,900 ரூபாய். இந்தியாவில் உரிமம் இல்லாமல் லோராவுக்குப் பயன்படுத்த வேண்டிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை என்பதை வாங்கிய பிறகுதான் சரிபார்த்தேன். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, சரியானவற்றை மறுபடி வாங்கினேன். தலைப்பிலிருந்து வீட்டுக்கு ஒரே தாவில் செய்தி வரவில்லை; நடுவே தென்னந்தோப்பும் மூங்கிலும். ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டிக்குச் சொல்ல, கடைசிப் பெட்டி வீட்டுக்குச் சொல்லும்படி மாற்றி, ஆன்டெனாவை நான்கு மீட்டர் இரும்புக் குழாயில் ஏற்றியதும் வந்தது.

மீயொலி உணரி மேலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். 2024 ஆடியில் தண்ணீர் வந்ததும் முதல் வரைபடத்தைப் பார்த்தேன். தினமும் மதியம் மட்டம் 4 செ.மீ. ஏறுகிறது, இரவில் இறங்குகிறது. மதியத்தில் மேலே யாரோ மடைகளை அடைக்கிறார்கள் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் கரையில் சைக்கிளில் திரிந்து மடை மடையாகப் பார்த்தேன். யாரும் எதையும் அடைக்கவில்லை. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.18 சதவீதம். 1.8 மீட்டர் உயரத்தில் மாட்டிய உணரிக்கு, காலை 25 டிகிரிக்கும் மதியம் 38 டிகிரிக்கும் இடையே சரியாக அந்த 4 செ.மீ. வருகிறது. சரிசெய்ய வெப்பநிலை உணரி சேர்த்தேன். அதையும் முதலில் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். வெயிலில் பெட்டிக்குள் 47 டிகிரி. திருத்தம் அளவுக்கு மீறிப் போய், இப்போது மதியத்தில் மட்டம் இறங்கியது. கடைசியாகப் பாலத்தின் அடியில் நிழலில் தொங்கவிட்ட பிறகுதான் கோடு நேரானது.

ஆகாயத்தாமரை இன்னொரு சோதனை. கொத்தாக மிதந்து வந்து உணரிக்கு நேர் கீழே நின்றால் அதன் இலைதான் நீர்மட்டம் என்று 25 செ.மீ. அதிகம் காட்டும். நான்கு அங்குல பிவிசி குழாயை நட்டு, அதன் உள்ளே அளக்கலாம் என்று செய்தேன். இந்த உணரியின் ஒலி அகலமாக விரியும். குழாயின் சுவரிலும் இணைப்பிலும் பட்டு, தண்ணீரைத் தொடும் முன்பே எதிரொலி வந்துவிட்டது. அதில் 640 ரூபாய் போயிற்று. இணைப்பே இல்லாத ஆறு அங்குலத் துண்டு வைத்து, அடியில் பென்சில் நுழையும் அளவு துளைகள் போட்டதும் சரியானது. துளைகளில் வண்டல் அடைத்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேங்காய் நார் கட்டிய குச்சியால் குத்திவிட வேண்டும். உணரியின் வாயில் குளவி கூடு கட்டியது இரண்டு முறை.

2024இல் மேட்டூர் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. தலைமடையிலும் குறுவை இல்லை. வாய்க்கால் முழுக்கச் சம்பாதான். முதல் தண்ணீர் எங்கள் மடைக்கு வர 52 மணி நேரம் ஆனது. தரை வெடித்துக் கிடந்தது, உறிஞ்சிக்கொண்டது, அதனால் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊறலையும் களைகளையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினேன். புதிய விடை 8 மணி நேரம். புரட்டாசியில் அடுத்த முறை வந்தபோது தரை நனைந்துதான் இருந்தது. 37 மணி நேரம்.

அப்பா அந்த இரண்டு இரவும் கரையிலேயே இருந்தார். எட்டு மணி நேரம் என்று நான் சொன்னதை நம்பி, உரம் போட ஆள் வேறு சொல்லியிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு வலித்தது.

அப்போதுதான் லஸ்கர் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். தலைப்பு ஷட்டரை ஏற்றி இறக்குபவர் அவர்தான். எத்தனை திருகு ஏற்றினேன், எத்தனை மணிக்கு என்று ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். என் நான்கு பெட்டிகளும் தந்த எண்களைவிட அந்த நோட்டு எனக்கு அதிகம் சொன்னது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணீர் ஓடுகிற கணக்கைப் போட்டிருக்கிறீர்கள் தம்பி, தண்ணீரைத் திருப்புகிற கணக்கு எங்கே?"

என் கணக்கில் 41 மடைகள் இருந்தன. ஆனால் அவை எப்போதும் ஒரே அளவு திறந்திருக்கும் துளைகளாக மட்டும் இருந்தன. மடையைத் திறக்கும் கை அதில் இல்லை.

மனிதர்களைக் கணினியில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் சில வாரங்கள் சும்மா இருந்தேன். தைரியம் கொடுத்தது பாலித் தீவில் நடந்த ஓர் ஆய்வு. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் 1993இல் வெளியிட்டது. ஊஸ், பெத்தானு என்ற இரண்டு ஆறுகளின் 172 பாசனக் குழுக்களை அவர்கள் கணினியில் எழுதினார்கள். சுபாக் என்பது அந்தக் குழுக்களின் பெயர். ஒவ்வொரு குழுவுக்கும் விதி மிக எளிது: அறுவடை முடிந்ததும் பக்கத்துக் குழுக்களைப் பார், உன்னைவிட நல்ல விளைச்சல் எடுத்தவர்களின் நடவு முறையைப் பின்பற்று. அதை மட்டும் வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டியபோது, அங்கே நீர்க்கோயில்கள் காலங்காலமாக நடத்திவந்த ஏற்பாட்டைப் போன்ற ஒன்று கணினியில் தானாக உருவானது. ஒரு மனிதனை முழுதாக எழுத வேண்டியதில்லை. அவன் தண்ணீரிடம் நடந்துகொள்ளும் ஒரு வரியை எழுதினால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஒரு வரியைத் தேடி, அடுத்த முறையில் மரச் சட்டத்தாலான ஸ்கேலை எடுத்துக்கொண்டு தலைமடைக்குப் போனேன். 23 வயல்களில் அனுமதி கேட்டு, பாய்ச்சி முடித்த வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்தேன். சராசரி 12 செ.மீ. அந்தப் பருவத்துப் பயிருக்கு 5 செ.மீ. தாராளம், அது அவர்களுக்கே தெரியும். ஒரு வயலில் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டு நின்ற பெரியவரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அடுத்த முறை எந்தக் கிழமை என்று உறுதியாகத் தெரிந்தால் இவ்வளவு தேக்க மாட்டோம், தம்பி. போன வருடம் மூடியதை மறக்க முடியுமா?" என்றார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 40,000 லிட்டர். 300 ஏக்கரில் கூடுதலாக 7 செ.மீ. நின்றால் எட்டரைக் கோடி லிட்டர். விநாடிக்கு 40 கன அடி என்பது சுமார் 1,130 லிட்டர். எட்டரைக் கோடி லிட்டர் ஓடி வர ஏறக்குறைய 21 மணி நேரம். எனக்கும் வாய்க்காலுக்கும் இடையே ஒத்துவராமல் இருந்த 29 மணி நேரத்தில் 21 மணி நேரம் அந்த ஏழு சென்டிமீட்டரில் இருந்தது. மிச்சம், தேவையான 5 செ.மீ.யில் குறைந்திருந்த பங்கு வயலில் ஏற எடுத்துக்கொள்ளும் நேரம். கரடுமுரடு, ஊறல், களை என்று நான் திருகிக்கொண்டிருந்த எதிலும் அவ்வளவு நேரம் இல்லை. தலைமடைக்காரர்களின் பயத்துக்கு ஓர் ஆழம் இருக்கிறது. அதை ஸ்கேலால் அளக்க முடிகிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பர் கடைசி வார மழையில் வேலை நின்றது. அப்போது எங்கள் வாய்க்கால் பாசன வாய்க்கால் இல்லை, வடிகால், கேள்வியே தலைகீழாகிவிடும். உணரிக்கு 25 செ.மீ.க்குள் தண்ணீர் வந்துவிட்டால் அதனால் அளக்க முடியாது. மூன்றாவது பெட்டி உளறத் தொடங்கி, பிறகு மூழ்கியே போனது. எல்லாவற்றையும் 60 செ.மீ. உயர்த்தி மாட்டினேன். உள்ளே இருந்த அட்டை போய்விட்டது.

2025 தையில் ஹெக்-ராஸை விட்டுவிட்டு பைத்தான் நிரல்மொழியில் நானே எழுதத் தொடங்கினேன். அந்த மென்பொருளில் குறை இல்லை. என் கேள்வி அதற்குரியது அல்ல. வாய்க்காலை 32 தொட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு போகும் என்று கணக்கிட்டேன். 41 மடைகளுக்கும் ஒரே விதி: வயலில் தண்ணீர் இந்த ஆழத்துக்குக் கீழே இருந்தால் திற, அடைந்ததும் அடை. மொத்தம் 260 வரிகள். எட்டு வருடப் பழைய மடிக்கணினியில் ஒரு முறை முழுவதையும் ஓட்ட இரண்டு விநாடி.

இங்கே இன்னொரு பெரிய தவறு செய்தேன். இரவில் எழுந்து அடைப்பவர்கள் எத்தனை பேர், பக்கத்து வயலைப் பார்த்துத் திறப்பவர்கள் எத்தனை பேர், மோட்டார் வைத்து இறைப்பவர்கள் எத்தனை பேர் என்று ஏழு திருகுகள், அதாவது கூட்டிக் குறைத்துப் பார்க்கும் மதிப்புகள், வைத்தேன். இரவு முழுக்க 2,000 முறை ஓட்டி, 2024இல் நான் அளந்த மூன்று தண்ணீர் முறைகளுக்கும் பொருந்தும் மதிப்புகளைத் தேடினேன். மூன்றும் அரை மணி நேரத்துக்குள் பொருந்தின. சுவரில் ஒட்டிவைக்கும் அளவுக்கு அழகான வரைபடம். 2025 ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தபோது அதே கணக்கு 14 மணி நேரம் தவறியது. மூன்று நிகழ்வுகளுக்கு ஏழு திருகு இருந்தால் எதை வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கை எடுத்துவிட்டேன். தரையின் கரடு, ஊறல், வயலில் தேக்கும் ஆழம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றாவதைத் தேடிக் கண்டுபிடிக்காமல், வயலில் இறங்கி அளந்தே போடுவது என்று முடிவு செய்தேன்.

ஆவணியில் முதல்முறையாகக் கணிப்பை வெளியே சொன்னேன். கடைமடைக்காரர்கள் பதினாறு பேரின் வாட்ஸ்அப் குழுவில், 24 மணி நேரத்தில் தண்ணீர் வரும், இத்தனை மணிக்குக் கரைக்கு வந்தால் போதும் என்று போட்டேன். செய்தி அரை நாளில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. கடைமடைக்காரர்கள் ஏதோ கருவி வைத்துத் தண்ணீரை இழுக்கப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. முறை தொடங்கியதும் தலைமடையில் எல்லா மடையும் ஒரே நேரத்தில் திறந்தன. 33 மணி நேரம் ஆனது. கணக்கில் பிழை இல்லை. கணக்கைச் சொன்னதே வாய்க்காலை மாற்றிவிட்டது. அதுவும், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லாமல் நான் சொன்ன விதத்தால்.

மறுநாள் லஸ்கர் அண்ணனோடு போய்த் தலைமடையில் நான்கு பேரைப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து காட்டினேன். அதில் தண்ணீரை இழுக்க எதுவும் இல்லை, அளக்க மட்டுமே என்பதைத் தொட்டுப் பார்த்தார்கள். அன்றிலிருந்து தகவல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில். மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. பாலத்தடி டீக்கடையின் கரும்பலகையிலும் சுண்ணாம்புக்கட்டியால் அதே வரிகள். நான்கு இடத்து நீர்மட்டம், கடைமடைக்கு வரும் நேரம், அடுத்த முறை தொடங்கும் நாள். கடைசி வரி லஸ்கர் அண்ணன் சொல்வது. டீக்கடையில் பெரும்பாலோர் முதலில் தேடுவது அதைத்தான். என் உணரிகளுக்கு அந்த வரியில் எந்தப் பங்கும் இல்லை.

அடுத்த முறையில் அளந்தபோது தலைமடை வயல்களில் 7 செ.மீ. நின்றது. அதற்கு அடுத்த முறைக்கு, அதாவது தொடக்கத்தில் சொன்ன முறைக்கு, 7 என்றே போட்டுக் கணித்தேன். அப்போது தலைமடையில் 70 ஏக்கரில் குறுவை அறுவடைக்கு நின்றதால் அங்கே தண்ணீர் வேண்டியதில்லை. நடந்து போய் எண்ணி அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்தேன். மீதி 230 ஏக்கர். விடை 17 மணி நேரம். வந்தது 19இல். முடிந்த பிறகு அளந்தால் 8 செ.மீ. நின்றது. 230 ஏக்கரில் அந்த ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

முழுப் பலனும் கரும்பலகையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பழையபடி 12 செ.மீ. தேக்கியிருந்தாலும், அறுவடை வயல்கள் இருந்ததால் 28 மணி நேரத்தில் வந்திருக்கும். ஆக 37க்கும் 19க்கும் இடையிலான 18 மணி நேரத்தில் பாதி அறுவடையால், பாதி தேக்கம் குறைந்ததால். தேக்கம் குறைந்ததற்கும் அந்த ஆண்டு மேட்டூர் உரிய நாளில் திறந்த நம்பிக்கை ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீர் குறைந்த ஓர் ஆண்டில்தான் இது சோதிக்கப்படும்.

அப்பா அன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, அதிகாலை எழுந்து போனார். ஆள் சொன்ன நாளில் ஆள் வந்தது, உரம் போட்ட நாளில் வயலில் தண்ணீர் இருந்தது.

அடுத்து மாற்ற வேண்டியவை. மீயொலி உணரிக்குப் பதிலாகத் தண்ணீருக்குள் போட்டுவிடும் அழுத்த உணரி. விலை பல மடங்கு, ஆனால் வெயில், ஆகாயத்தாமரை, குளவி எதுவும் அதைத் தொடாது. முதலில் இரண்டு இடத்தில் மட்டும் மாற்றுவேன். 4.3 கிலோமீட்டர் பெட்டி உண்மையில் தேவையே இல்லை. அதன் எண்ணை எடுத்துவிட்டு ஓட்டினாலும் விடை மாறவில்லை. அந்தப் பணத்துக்குக் கல்லில் அளவு பொறித்த ஸ்கேல் நான்கு வாங்கித் தலைமடை வயல்களில் நட்டால் அவர்களே ஆழத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பெரியவர் தன் வயலுக்கு ஒன்று கேட்டிருக்கிறார்.

இதுவரை மொத்தச் செலவு, மூழ்கிப்போன அட்டைக்கு மாற்று வாங்கிய 450 ரூபாயும் சேர்த்து, 14,650 ரூபாய். இந்த வாரம் ஐப்பசி மழைக்கு முன் நான்கு பெட்டிகளையும் கழற்றி, ரப்பர் வளையங்களை மாற்றி, துளைகளைக் குத்திவிட்டு மாட்ட வேண்டும். வடிகாலுக்கான கணக்கை இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முகத்துவாரம் பக்கம் கடல் மட்டம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேட்டைக்குப் போகிறேன்; லஸ்கர் அண்ணனும் வருகிறார்.